ஆவடியும் இருப்புப்பாதையும்

கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தரல் வேண்டும் என அன்பர்கள் பணித்தனர். தல வரலாறு எழுதுவோர்க்குப் புராணம் துணை நிற்கும். கல்வெட்டும் துணை நிற்கும். ஆவடியின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கோ இருப்புப்பாதையே முதற் சான்று. இவ்வூருக்கு வரலாறு ஏது, ஆலைக்காக எழுந்த ஊர்தானே என்று நம்மவருள்ளேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கூற்று பொருந்துமா என்று ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். கவச வண்டிகளையும் அவற்றின் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டியதே ஆவடி என்னும் பெயர் என ஒரு கதை வழங்குகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை இங்கு நிறுவப்பெற்றது 1961-ஆம் ஆண்டில். காங்கிரஸ் மகாசபை ஆவடியிற் கூடியதோ 1955 ஜனவரியில். ஆறாண்டு கழித்துப் பிறக்கவிருந்த ஆலை, தான் பிறக்கும் முன்னரே ஊருக்குப் பெயர் சூட்டியது எங்ஙனம்? கேட்போர்க்கு இனிக்கும் கதைதான், ஆயினும் கதையே. நம் பிள்ளைகள் இதனை உண்மையென நம்பி வளர்வது வருந்தத்தக்கது. ஊர்ப்பெயரே இரவல் என்றெண்ணுவோன் ஊரைத் தன்னதெனக் கருதுவது அரிது.

இனி இருப்புப்பாதைக்கு வருவோம். தென்னாட்டின் முதற் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்தினின்றும் புறப்பட்டு வாலாஜா ரோடு வரை சென்றது. சென்னை இரயில்வேக் கம்பெனியார் அமைத்த அப்பாதை, மேற்கு நோக்கிப் பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் எனச் சென்றது. மாட்டு வண்டிகளே ஊர்ந்த மண்ணில் ஐந்தடி ஆறங்குல அகலத்தில் இரும்புத் தண்டவாளம் படுத்தது. 1871-இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தபின், நம் ஊரைக் கடந்து செல்லும் வண்டிகள் பம்பாய் வரை போயின. கம்பெனியின் பெயர் 1908-இல் மாறிற்று. 1951-இல் தெற்கு இரயில்வே பிறந்தது. பெயர்கள் மாறினும் பாதை மாறவில்லை.

ஆயின் அப்பாதைக்கு முன்னும் இங்கு வழி ஒன்று இருந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சூளுரை தவறிக் கண்ணொளி இழந்த சுந்தரமூர்த்தி நாயனார், அங்கிருந்து நடந்து முதலில் வந்தடைந்த பதி வட திருமுல்லைவாயில். அங்குப் பதிகம் பாடினார். பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். பழையனூர்த் திருவாலங்காட்டைப் பணிந்து காஞ்சி அடைந்து, ஆண்டு ஒரு கண்ணின் ஒளியைப் பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் செய்தி. இன்று ஆவடி நிலையத்தில் நின்று மேற்கே செல்லும் வண்டியில் ஏறுவோர், கண்ணற்ற அடியார் தடவித் தடவி நடந்த திசையிலேதான் செல்கின்றனர். திருமுல்லைவாயில் என்றும் திருவாலங்காடு என்றும் இரயில் நிலையங்களே உள்ளன. இருப்புப்பாதை போட்ட ஆங்கிலப் பொறியாளர் பெரிய புராணம் படித்தவர் அல்லர்; நிலத்தின் வாட்டம் பார்த்துப் பாதை வகுத்தனர். அடியார் நடந்ததும் அந்நிலமே அன்றோ! முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்கியதும், தொண்டைமான் வாள் வீசி இலிங்கத் திருமேனியைக் கண்டு அஞ்சியதும், கருவறை முன் நிற்கும் எருக்கந் தூண்களும் இம்மலரைப் படிப்போர் நன்கறிந்தவை, விரிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடியும் பட்டாபிராமும் இராணுவக் கிடங்குகளாயின. ஆவடியினின்றும் கிளைத்துப் பட்டாபிராம் இராணுவக் கிடங்கு வரை செல்லும் தனிப்பாதையை இன்றும் மக்கள் 'மிலிட்டரி சைடிங்' என்றே வழங்குவர். பண்டமூட்டைகளுக்கென அமைந்த அப்பாதையில் பின்னர்ப் பயணிகள் வண்டியும் ஓடலாயிற்று.

போர் ஓய்ந்து பத்தாண்டு செல்லுமுன் நாடே ஆவடியை நோக்கியது. யு. என். தேபர் தலைமையில் காங்கிரஸின் அறுபதாவது மகாசபை இங்குக் கூடிற்று. நேரு பெருமகனார் வந்தார். காமராசர் முதலமைச்சராக இருந்தார். மாநாட்டுத் திடல் சத்தியமூர்த்தி நகர் என்னும் பெயர் பெற்றது. பூண்டி நீர்த்தேக்கத்திற்கும் அப்பெரியாரின் பெயரே வழங்குகிறது. சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற வெண்பாக்கத்துப் பழங்கோயில் அந்நீரில் மூழ்க, ஊன்றீசர் வேறிடத்தில் எழுந்தருளினார் என்பதை எண்ணும்போது, நம் வட்டாரத்தில் பழமையும் புதுமையும் எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பது விளங்கும். சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் குறிக்கோள் ஆவடியில் தீர்மானமாயிற்று. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பெருந்தொழில்களுக்கு முதலிடம் தந்தது.

பெருந்தொழில் ஆவடிக்கும் வந்தது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. 1965-இல் 'விஜயந்தா' என்னும் டாங்கி வெளிவந்தது. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் எனப் பெயர்கள் தொடர்ந்தன. இரும்பு உருக்கும் கொட்டகையினின்றும் பாரதத்துப் பெயர்கள் வெளிவருவது ஒரு வேடிக்கை.

ஊரின் மெய்யான வரலாறு இவ்விடத்தேதான் தொடங்குகிறது என்பது எம் கருத்து. வேலைக்கு வந்தோர் பல மாவட்டத்தார், பல மொழியார். ஒரே வரிசை வீடுகளில் தமிழும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒலித்தன. முறை வேலை அவர்தம் நாளை வகுத்தது. இரவு முறைக்குச் செல்வோனுக்குப் பகல் உறக்கம். பெரம்பூர்ப் பணிமனைகளுக்கும், 1955-இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலைக்கும், அம்பத்தூர் ஆலைகளுக்கும் இங்கிருந்து சென்றோர்க்கோ வண்டி நேரமே கடிகாரம். 1979-இல் இப்பாதையில் மின்வண்டிகள் ஓடலாயின. அவற்றைப் பேணும் பணிமனை ஆவடிக்கும் அண்ணனூருக்கும் இடையே அமைந்தது. ஒரே பெட்டியில் நாள்தோறும் செல்வோர் உறவினரினும் நெருங்கினர். பெட்டியிலேயே பெண் பார்த்துப் பேசி முடித்த திருமணங்கள் உண்டு. அவ்வாறே கோயிலுக்குச் சந்தா பிரித்ததும் உண்டு.

மன்னர் கட்டிய கோயிலுக்கு மானியம் இருக்கும். குடியிருப்பு நடுவே எழுந்த கோயிலுக்குச் சம்பள நாளே மானியம். வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார், பின் ஓலைக் கொட்டகை, பின் சுவர், பல்லாண்டு கழித்து விமானம். ஆவடியிலிருந்து நான்காம் நிலையம் திருநின்றவூர். அங்குப் பொருளில்லாப் பூசலார் மனத்துள்ளே கோயில் கட்டிக் குடமுழுக்கு நாளும் குறித்தார்; காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன், அதே நாளில் தான் வைத்த விழாவை ஒத்திவைக்கக் கனவிற் பணிக்கப்பெற்று, நின்றவூருக்குத் தேடி வந்தான். தவணையில் செங்கல் வாங்கியோர்க்குப் பூசலாரை விடப் பொருத்தமான பெரியவர் யார்?

2019-இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பெற்று ஏழு நிறுவனங்களாகப் பிரிய, கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியில் அமைந்தது. ஊர் பெரிதாகிறது. எனினும் ஓய்வு பெற்றோர் குடியிருப்பை விட்டு நீங்குகின்றனர். அவர்தம் மக்கள் வேறு தொழிலும் வேறு ஊரும் தேடிச் செல்கின்றனர். அரசியல் மாநாட்டைப் பற்றியும் டாங்கியைப் பற்றியும் நூல்கள் உள. முதற் சந்தாவை யார் கொடுத்தார், முதல் விளக்கை யார் ஏற்றினார், தண்ணீர்க் குடத்தை எந்தக் கிணற்றிலிருந்து சுமந்தனர் என்பவற்றை எந்நூலும் கூறாது. அவை முதியோர் நினைவிலும், பரண்மேற் கிடக்கும் தகரப் பெட்டிகளிலும் உள்ளன. அவர்கள் சென்றபின் கேட்க ஆளில்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். குடமுழுக்குக்கென வெளியூர்களினின்றும் வரும் அன்பர்கள் தத்தம் வீடுகளில் பழைய சந்தாப் புத்தகம், விழா அழைப்பிதழ், நிழற்படம், பயணச் சீட்டு அட்டை எதுவாயினும் கிடைப்பின் உடன் கொணர்க. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். முதியோர் கூறுவதை எழுதிக்கொள்ள யாகசாலைக்கு அருகே இரு இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பர்.