டைனமோவும் அதன் காவற்பெட்டியும்

பழைய அம்பாசிடர் வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்போர், என்ஜின் அறையின் ஓரத்தில் கரிய மூடியிட்ட சிறு பெட்டி ஒன்று திருகப்பட்டிருப்பதையும், அதன் அடியில் ஐந்து கம்பிகள் வந்து சேர்வதையும் காண்பர். நூல்கள் இதனை வோல்டேஜ் ரெகுலேட்டர் என்று குறிக்கும். நம் பட்டறைகளிலோ பெட்டி முழுவதையுமே 'கட்-அவுட்' என்று அழைப்பது வழக்கம். பழைய வண்டிகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் ஆர்வம் இக்காலத்தில் நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. அவர்களுள் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பியை எங்கே பூட்டுவது?" என்பதுதான். அந்தப் பெட்டி எவ்வாறு பிறந்தது என்று அறியாமல் இக்கேள்விக்கு விடை கூறுவது தகாது என்பது எம் கருத்து. ஒரு கம்பி மாறினாலும், இன்று புதிதாகக் கிடைப்பதற்கு அரிய டைனமோ ஒன்று சில நொடிகளில் கருகிப் போகும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதில் மின்சாரத்துக்கு வேலை மிகக் குறைவு. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை மாக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொண்டது. இரவில் ஒளி தந்தவை கார்பைடு விளக்குகள். என்ஜினைக் கிளப்புவதற்கு மனிதன் தன் தோள்வலிமையை நம்பிக் கைப்பிடியைச் சுழற்றினான். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் வாழ்ந்த சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர். கடைகளில் பணம் எண்ணும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திப் பழகியவர் அவர். சில நொடிகள் மட்டுமே உழைக்க வேண்டிய மோட்டாரிடம் அதன் அளவுக்கு மிஞ்சிய வேலையை வாங்கலாம் என்பதை அங்கே கண்டுகொண்டார். அந்த அனுபவத்தின் பயனாக, 1912-ஆம் ஆண்டுக் காடில்லாக் வண்டிகள் மின்சாரத்தால் கிளம்பின, மின்விளக்கும் பெற்றன. ஸ்டார்ட்டர் வந்தபின் பாட்டரி இன்றியமையாததாயிற்று. பாட்டரி வந்தபின் அதற்கு ஊட்டமளிக்க டைனமோ வேண்டியதாயிற்று. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

டைனமோ தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயந்திரம். இரும்பில் எஞ்சி நிற்கும் சிறிதளவு காந்தத்தால் சிறிது மின்சாரம் பிறக்கும். அது பீல்டு காயிலுக்குள் சென்று காந்தத்தைப் பெருக்கும். பெருகிய காந்தம் மேலும் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். 1866, 1867-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் சீமென்ஸும் இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் இத்தத்துவத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். மின்நிலையத்தில் டைனமோ ஒரே வேகத்தில் சுழல்வதால் அங்கே அதனை ஆள்வது எளிது. மோட்டார் வண்டியிலோ சந்தில் ஊர்ந்து செல்லும்போது ஒரு வேகம், நெடுஞ்சாலையில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு வேகம். கட்டுப்பாடின்றி விட்டால் விளக்குகள் வெடிக்கும். பாட்டரியின் திராவகம் கொதிக்கும். இறுதியில் டைனமோவும் எரியும்.

இதே தொல்லையை மோட்டார் வண்டிக்கு முன்னரே அனுபவித்தது இரயில் வண்டி. பெட்டியின் அச்சிலிருந்து பெல்ட் கட்டி டைனமோவைச் சுழற்றினால் வண்டியின் வேகத்துக்கேற்ப விளக்கு மங்கியும் பிரகாசித்தும் கண்ணை வருத்தும். இலண்டனில் டெப்ட்போர்டைச் சேர்ந்த ஸ்டோன் கம்பெனியார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கோர் எளிய வழி கண்டனர். டைனமோவை ஒருபுறம் சாய்ந்தவாறு தொங்கவிட்டார்கள். வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் பெல்ட் வழுக்கும்; டைனமோ அதற்குமேல் வேகம் கொள்ளாது. சொந்த ஊர் சென்று திரும்ப இரண்டு இரவுகள் இரயிலிலேயே கழித்த நம் முன்னோர் பலருக்கு ஒளி தந்தவை இம்முறையில் அமைந்த விளக்குகளே. பெல்ட் வழுக்குவதால் ஆற்றல் வீணாகிறதே என்று இன்றைய பொறியாளர் குறை கூறலாம். பல்லாண்டுகள் அது தவறாது உழைத்தது என்பதே அதற்கு விடை.

மோட்டார் வண்டிக்காரர்கள் முதலில் மேற்கொண்டது 'மூன்றாவது பிரஷ்' என்னும் உபாயம். இரண்டு கார்பன் பிரஷ்களுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றை வைத்து, பீல்டு காயிலுக்குரிய மின்சாரத்தை அதன் வழியே எடுத்தனர். டைனமோ அதிகமாக மின்சாரம் ஈனும்போது ஆர்மேச்சரின் காந்தமே பீல்டின் காந்தத்தை ஒருபுறமாகத் தள்ளும். அதனால் மூன்றாவது பிரஷுக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைந்து, டைனமோ தன்னைத்தானே தணித்துக்கொள்ளும். 1927-இன் இறுதியில் வெளிவந்த போர்டு 'ஏ' மாடல் வண்டியில் இருந்ததும் இதுவே. ஆயினும் இம்முறை பாட்டரியின் பசியை அறியாது. நிறைந்த வயிற்றுக்கும் வெறும் வயிற்றுக்கும் ஒரே அளவு பரிமாறும். ஆகவே கோடைக்கு ஒரு நிலை, குளிர்காலத்துக்கு ஒரு நிலை என்று வண்டிக்காரரே மாற்றி வைக்க வேண்டியிருந்தது. வண்டி ஓடும்போது பாட்டரியின் இணைப்பு கழன்றுவிட்டாலோ அழுத்தம் வானளாவ ஏறும்.

அக்காலத்திலேயே கட்-அவுட் என்னும் தனி உறுப்பும் இருந்தது. டைனமோவின் அழுத்தம் பாட்டரியைவிட உயரும்போது அது இணைப்பைக் கூட்டும், தாழும்போது பிரிக்கும். அஃது இல்லையேல் நின்ற வண்டியில் பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து வடிந்துவிடும்.

பர்மிங்காம் நகரத்து ஜோசப் லூகாஸ் கம்பெனி, 1879-இல் சைக்கிள் விளக்குச் செய்து புகழ் பெற்றது. 1930-களில் அக்கம்பெனி மூன்றாவது பிரஷை நீக்கிவிட்டு, அதிரும் தொடுமுனைகளைக் கொண்ட ரெகுலேட்டரைப் பரப்பியது. டைனமோவின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் ஒரு சிறு மின்காந்தம் தொடுமுனையை விலக்கும். அப்போது பீல்டு காயிலுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு தடைக்கம்பியின் வழியே சுற்றிச் சென்று குறையும்; அழுத்தம் தாழும்; முனை மீண்டும் சேரும். இந்தச் சேர்தலும் பிரிதலும் ஒரு நொடிக்குள் பலமுறை நிகழ்வதால் அழுத்தம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். குளிரில் சற்றுக் கூடுதலாகவும் வெப்பத்தில் சற்றுக் குறைவாகவும் ஊட்டும்படி இரட்டை உலோகத் தகடும் உள்ளே உண்டு. கட்-அவுட்டும் இதனோடு ஒரே மூடியின் கீழ்க் குடியேறியது. நம் பட்டறைகள் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதில் வியப்பில்லை.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடராக உருப்பெற்று, 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை வெளிவந்தது. ஆகவே லூகாஸ் முறையும் ஹூக்ளிக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1961-இல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டாக நிறுவிய கம்பெனி, சென்னையை அடுத்த பாடியில் மோட்டார் வண்டிகளின் மின் உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது. வடநாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டிகளின் உள்ளே தமிழகத்தில் செய்த உறுப்புகள் இருந்தன என்பது நமக்கு உவப்பான செய்தியே.

இனி ஐந்து கம்பிகளுக்கு வருவோம். லூகாஸ் ஆர்.பி.106 பெட்டியில் டி, எப், ஏ, ஏ-1, இ என ஐந்து முனைகள் உண்டு. டைனமோவின் பெரிய முனையிலிருந்து வரும் தடித்த கம்பி 'டி'-க்குரியது. பழைய வண்டிகளில் அது மஞ்சள் நிறம். சிறிய முனையிலிருந்து வரும் மெல்லிய கம்பி 'எப்'-க்குரியது. மஞ்சளில் பச்சைக் கோடு. 'ஏ' பாட்டரியை நோக்கிச் செல்லும். 'ஏ-1' விளக்கு முதலிய செலவினங்களுக்கு உரியது. 'இ' வண்டியின் உடலோடு இணையும். இந்த 'இ' கம்பியைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். அது துருப்பிடித்துத் துண்டித்தால் உள்ளிருக்கும் மின்காந்தம் செயலற்றுப் போகும். டைனமோ கட்டவிழ்ந்த காளையாகும். மும்பைக் குர்லாவில் உருவான பியட் வண்டிகளின் இத்தாலிய மூல அமைப்பிலோ எழுத்துகளுக்குப் பதிலாக 51, 67, 30 என்னும் எண்கள் வழங்கும்: 51 மின்சாரம் வெளிவரும் முனை, 67 பீல்டு, 30 பாட்டரி.

பெட்டியைக் குறை கூறுமுன் டைனமோவைச் சோதித்தல் வேண்டும். இரண்டு கம்பிகளையும் கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து உடலுக்கு வோல்ட்மீட்டர் வைத்து என்ஜினை மெல்ல முடுக்கினால், முள் தடுமாறாது விரைந்து ஏற வேண்டும். 12 வோல்ட் வண்டியில் அது 20-ஐத் தொட விடலாகாது. இப்போது அதனைத் தடுக்கும் பெட்டி இடையில் இல்லை என்பதை மறத்தல் கூடாது.

அடுத்தது திசை. அக்கால ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் பலர் அதனை எதிர்முனைக்கு மாற்றினர். டைனமோ இரண்டுக்கும் உழைக்கும். ஆனால் தன் இரும்பில் எஞ்சிய காந்தத்தின் திசையையே பின்பற்றும். பாட்டரியைத் திருப்பி வைத்துவிட்டு டைனமோவுக்கு அறிவிக்காமல் என்ஜினைக் கிளப்பினால், இரண்டின் அழுத்தமும் ஒன்றுகூடிப் பாய்ந்து கட்-அவுட்டின் முனைகளை ஒட்ட வைத்துவிடும். எனவே என்ஜின் நின்ற நிலையில், டைனமோவிலிருந்து 'எப்' கம்பியைக் கழற்றி, பாட்டரியின் உடலோடு சேராத முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, அந்த 'எப்' முனையை ஓரிரு முறை தொட்டு எடுக்க வேண்டும். சிறு பொறி பறக்கும். அதுவே அறிவிப்பு.

இவ்வழி லூகாஸ் முறைக்கே உரியது. இங்கேதான் வரலாற்றை அறிவது உதவுகிறது. லூகாஸ் டைனமோவில் பீல்டு காயிலின் ஒரு நுனி உள்ளேயே உடலோடு சேர்ந்திருக்கும். ரெகுலேட்டர் மறுநுனிக்கு மின்சாரம் தருகிறது. அமெரிக்க டெல்கோ-ரெமி டைனமோக்கள் பலவற்றிலோ பீல்டு உள்ளேயே மின்சாரம் பெற்றுவிடும். ரெகுலேட்டர் அதன் மறுநுனியை உடலோடு சேர்த்தும் பிரித்தும் ஆள்கிறது. ஒன்றின் பெட்டி மற்றொன்றுக்கு உதவாது. இரண்டும் 12 வோல்ட், மூடியும் ஒன்றுபோல் இருக்கிறது என்று கருதிப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டுவோர் இதனால்தான் ஏமாறுகின்றனர்.

டைனமோ மந்த வேகத்தில் ஊட்டாது. சந்திப்பில் வண்டி நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிவது அதனாலேதான். அவ்விளக்கின் ஒரு புறம் பாட்டரியின் அழுத்தம், மறுபுறம் 'டி' முனையின் அழுத்தம். இரண்டும் சமமானால் அணைந்துவிடும். நகரங்களில் நெரிசல் பெருகியபோது இக்குறை பெரிதாயிற்று. சிலிக்கன் டயோடு மலிந்ததும், 1960-ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் வேலியண்டில் ஆல்ட்டர்னேட்டர் இடம்பெற்றது. டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் விடுவதால் கட்-அவுட்டுக்கு வேலையின்றிப் போயிற்று. நம் நாட்டு வண்டிகளும் பிறகு அவ்வழியே சென்றன.

இன்று லூகாஸ் பெட்டியின் பழைய மூடிக்குள்ளேயே அதிரும் முனைகளுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் உறுப்புகளை வைத்து விற்கின்றனர். வெளித்தோற்றம் மாறாது; கம்பிகளும் அதே ஐந்துதான். ஆனால் பழைய பெட்டி எத்திசையையும் பொறுத்துக்கொண்டது போல் இவை பொறுக்கமாட்டா. வண்டியின் உடலோடு சேர்ந்திருப்பது நேர்முனையா எதிர்முனையா என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி, அதற்குரியதையே வாங்குதல் வேண்டும்.