வெயில் காத்த துணியும் வெளுக்க வந்த களிம்பும்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் அமைந்த நகரம். ஆண்டு முழுவதும் நண்பகற் கதிரவன் இங்குத் தலைக்கு நேரே நின்று காய்வதுபோல் காய்கின்றான். இவ்வெயிலில்தான் நம் முன்னோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் உழைத்தனர். 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதைப் பணி பிரிக்பீல்ட்ஸில் தமிழர் குடியிருப்பை வளர்த்தது. கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களும் தமிழர் கைகளாலேயே செழித்தன.

அவர்கள் தம் மேனியை எவ்வாறு காத்தனர்? குளிர்ந்த வேளையில் பால் மிகுதியாக வடியும் ஆதலின் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கியது. கடும் வெயிலுக்கு முன்னரே வெட்டு முடிந்தது உடலுக்கும் நலமாயிற்று. பெண்கள் நீண்ட கைச்சட்டை அணிந்து, தலையில் துணி கட்டினர். மஞ்சட் பூச்சும் எண்ணெய்க் குளியலும் தோலைப் பேணும் வழக்கங்களே. வெயிலை உண்மையில் தடுத்தது துணியே ஆகும்.

கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்களை 1801-இல் செர்மானிய அறிஞர் ரிட்டர் கண்டறிந்தார். 1930-களில் பிரான்சு நாட்டின் ஷூலர் வெயிற்காப்பு எண்ணெயை விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று சன்ஸ்கிரீன் என வழங்கும் பூச்சினைப் பற்றித் தோல் மருத்துவர் கூறுவது இது: காப்பு எண் 30-க்குக் குறையாததைத் தேர்க, வெளியிற் செல்லுங்கால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுக. எண் 30 உடைய பூச்சு, போதிய அளவு பூசினால், தோலைச் சுடும் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் முகத்தில் மங்கு படர வெயில் காரணமாதலின், இவ்வறிவுரை நமக்கும் உரியதே.

இப்பூச்சு தீங்கானதோ என ஐயுறுவாரும் உளர். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் பாதுகாப்பானவை என ஏற்கலாமென 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் முன்மொழிந்தது. வேறு சில வேதிப்பொருள்கள் குருதியிற் கலப்பதால் மேலும் ஆய்வு வேண்டுமென்றது. ஆயினும், கலப்பது கொண்டே தீங்கு உறுதியாகாது என்றும் விளக்கியது.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. சில வெளுப்புக் களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம், தோலிற் கருநிறமி உருவாவதைத் தடுக்கின்றது. சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கின்றது. அக்கருநிறமியோ வெயிலுக்கு எதிராக இயற்கை தந்த கேடயம்! 2013-ஆம் ஆண்டின் மினமாத்தா உடன்படிக்கை இத்தகைய களிம்புகளை விலக்க வழிவகுத்தது. மலேசியச் சுகாதார அமைச்சும் நச்சுப்பொருள் கலந்த களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு எச்சரித்து வருகின்றது.

தோலைக் காப்பது வேறு. நிறத்தை மாற்ற முனைவது வேறு. வகுப்பறையில் ஒரு மாணவியின் கருநிறம் நகைப்புக்கு உள்ளானால், அவள் அக்களிம்பைத் தேடிச் செல்லக்கூடும். அந்நகைப்பை அங்கேயே நிறுத்துவது ஆசிரியரின் கடன். நிறுத்தத் துணைநிற்பது உடன்பயில்வோரின் கடன்.