வருஷம் என்றால் மழை



"இந்த வருஷம் குற்றாலத்துல சீசன் எப்படி?" என்று கேட்காதவர் நம்மில் யாருமில்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே மழை ஒளிந்திருக்கிறது. வருஷம் என்பது 'வர்ஷ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கு மழை என்றும் பொருள், ஆண்டு என்றும் பொருள். ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை ஒரு வருஷம்.

ஆண்டு தமிழ்ச் சொல். மன்னர் ஆண்டதால் ஆண்டு என்பார்கள். ஆனால் பழைய கல்வெட்டுகளில் இது 'யாண்டு' என்றே இருக்கிறது. யானை ஆனையானது போல, யாறு ஆறானது போல, யாண்டு ஆண்டாயிற்று. ஆட்டைத் திவசம் என்கிறோமே, அந்த 'ஆட்டை'யும் ஆண்டுதான்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆண்டும் உண்டு: கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் அதுவே அரசாங்கக் கணக்காக இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் நம்மோடு சேர்ந்தது.

இது தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். வங்கியில் சேர்ந்த புதிது. செங்கோட்டைப் பெரியவர் ஒருவர் கடனுக்காகத் தாய்ப் பத்திரம் கொண்டுவந்தார். அதில் '1103 தை' என்றிருந்தது. "எண்ணூறு வருஷத்துப் பத்திரமாய்யா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுவாரம் வந்து பொறுமையாகச் சொன்னார்: "வருஷம் சரிதான் தம்பி, ஊர்தான் கைமாறிப்போச்சு." என் தவறால் அவருக்கு ஒரு வாரம் வீண். அன்று மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. ஆக, 1103 தை என்றால் 1928. பிரபவ, விபவ என்னும் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்; பெயரை மட்டும் வைத்து எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடியாது. கொல்லம் எண் அப்படிக் குழப்பாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கலாம். ஆண்டு தப்பு என்று ஒதுக்குமுன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். புரியாவிட்டால் மாலையில் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். இம்முறை திருப்பி அனுப்ப மாட்டேன்.