கடலின் பட்டினியில் பிறந்த கல்

சவரக் கத்தியைக் கையால் தீட்டுகிறவர்கள் எந்த நாட்டில் கூடினாலும் பேச்சு கடைசியில் ஜப்பானின் கியோட்டோ நகருக்கு மேற்கே உள்ள மலைகளுக்குப் போய்விடும். நருடகி, நகயாமா, ஒசுகு, ஷோபுதானி, ஒகுதோ என்று பழைய சுரங்கங்களின் பெயர்களை அவர்கள் ஊர்ப் பெயர்களைப் போல உரிமையோடு சொல்வார்கள். 924 மீட்டர் உயரமுள்ள அதாகோ மலையின் சுற்றுவட்டாரத்தில் பல நூற்றாண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டவை இந்தத் தீட்டுக்கற்கள். கரடுமுரடான கற்களில் கத்தி உருப்பெற்ற பிறகு, கடைசியாகக் கூர் ஏற்றுவதற்கான கல் இது. ஜப்பானியத் தொழிலாளர்கள் இதை அவசேதோ என்பார்கள்.

உள்ளங்கையில் வைத்தால் வெளிறிய பச்சையோ மஞ்சளோ சாம்பலோ கலந்த சாதாரணக் கல்லாகத்தான் தெரியும். அதன்மீது தண்ணீர் தெளித்துக் கத்தியை நகர்த்தும்போதுதான் அதன் அருமை புரியும். முகத்தோலை உரசாமல் மயிரை மட்டும் அறுக்கும் கூரை அது தருகிறது. ஏன் இந்தக் கல்லுக்கு மட்டும் இவ்வளவு நுண்மை? விடை தேடிப் போனால் மலையை விட்டுக் கடலுக்கும், மனித வரலாற்றை விட்டு உயிர்களின் வரலாற்றுக்கும் போக வேண்டியிருக்கிறது.

கடலடியில்

25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் நிலமெல்லாம் பாஞ்சியா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்திருந்தது. மீதி முழுவதும் பாந்தலாசா என்ற பெருங்கடல். அதன் நடுப்பகுதியிலிருந்து எந்தக் கரையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு. ஆறுகள் கொண்டுவரும் மணலும் வண்டலும் அங்கே எட்டுவதில்லை. கடலடிக்கு வந்து சேர்ந்தவை முக்கியமாக இரண்டு: காற்றில் வெகுதூரம் பறந்துவந்த நுண்தூசி, கடல்நீரில் வாழ்ந்து இறந்த ரேடியோலேரியாக்களின் ஓடுகள்.

ரேடியோலேரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கில் அவை இறந்து கீழே படியப் படிய, ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கடலடி வளர்ந்தது. காலப்போக்கில் அந்தப் படிவு இறுகி, செர்ட் என்னும் கண்ணாடித்தன்மை கொண்ட கடும்பாறை ஆயிற்று. நம் சிக்கிமுக்கிக் கல்லின் இனம் அது.

ஏறத்தாழ 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் காலம் தொடங்கிய எல்லையில், பூமி கண்ட பேரழிவுகளிலேயே பெரியது நேர்ந்தது. இன்றைய சைபீரியாவில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பும் அதோடு வெளியேறிய வாயுக்களும் அதன் முதன்மைக் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கடல் சூடாயிற்று, ஆழ்நீரில் ஆக்ஸிஜன் வற்றியது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் மறைந்தன. ரேடியோலேரியாக்களும் தப்பவில்லை.

அவை அருகியதும் கடலடிக்குச் சிலிக்கா ஓடுகள் வந்துசேர்வது பெரிதும் குறைந்தது. தூசி மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. நிலத்திலிருந்து அவ்வளவு தூரம் காற்று சுமந்துவரக்கூடியது மிக மெல்லிய களிமண்ணும் அதைவிடப் பெரிதாக இல்லாத குவார்ட்ஸ் துகள்களும்தான். கனமான எந்தத் துகளும் வழியிலேயே விழுந்துவிடும். அழிவை ஒட்டிய காலத்திலும் அதன் பின் சுமார் 50 லட்சம் ஆண்டுகளிலும் அங்கே செர்ட்டுக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்த களிப்பாறை படிந்தது. டிரையாசிக்கின் நடுப்பகுதியில் ரேடியோலேரியாக்கள் மீண்டும் பெருகியபோது செர்ட்டும் திரும்பியது. இரு செர்ட் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பட்டினிக் காலத்தின் பதிவாக அந்தக் களிப்பாறை தங்கிவிட்டது. கியோட்டோவின் தீட்டுக்கல் அதுதான். ஜப்பானிய நிலவியலாளர்கள் இந்தப் பாறைக்குத் 'தீட்டுக்கல் வகைக் களிப்பாறை' என்றே பெயரிட்டார்கள். பேரழிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

மலைக்கு வந்த வழி

கடல்தளத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, ஜுராசிக் காலத்தில் ஆசியக் கண்டத்தின் விளிம்பை அடைந்தது. தட்டு கண்டத்துக்கு அடியில் புகுந்தபோது அதன் மேல் இருந்த படிவுகள் சுரண்டப்பட்டு, கண்டத்தின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டின. அப்படி உருவான நிலப்பகுதிக்குத் தம்பா மண்டலம் என்று பெயர். கியோட்டோவின் மேற்கு, வடக்கு மலைகள் அதில் அடங்கும். செர்ட்டிலிருந்தும் களிப்பாறையிலிருந்தும் அமிலத்தால் பிரித்தெடுத்த கோனோடான்ட், ரேடியோலேரியா நுண்புதைபடிவங்களை 1970, 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்திய பிறகுதான் இந்த மலைகளின் உண்மையான வயதும் பயணமும் தெளிவாயின.

இந்தப் பயணத்தில் அடுக்குகள் மடிந்தன, முறிந்தன, சில இடங்களில் செங்குத்தாகவே நிமிர்ந்தன. எனவே ஒரு மலையில் நல்ல கல் கிடைத்தால் பக்கத்து மலையிலும் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. ஒரே சுரங்கத்தில் ஒரு முழ இடைவெளியில் கல்லின் குணம் மாறிவிடும். சுரங்கத்துக்குச் சுரங்கம் பெயரும் அடுக்குக்கு அடுக்கு பெயரும் வந்ததற்கு இதுவே காரணம். சேகரிப்பாளர்களின் ஓயாத விவாதங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கல் கத்தியைத் தீட்டுவது எப்படி என்பதற்கும் விடை இந்தப் பிறப்பிலேயே உள்ளது. அறுப்பது குவார்ட்ஸ், பிடித்துவைப்பது களிமண். முழுக்கச் சிலிக்காவாக இருந்திருந்தால் இதுவும் செர்ட்டாகி, தேயாமல் எஃகின்மேல் வழுக்கியிருக்கும். முழுக்கக் களிமண்ணாக இருந்திருந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடியிருக்கும். இரண்டும் அளவோடு கலந்ததால், தேய்க்கும்போது பழைய துகள் உதிர்ந்து புதிய துகள் மேலே வருகிறது. கரையிலிருந்து பெருந்தொலைவு என்பதால் பெரிய மணல் ஒன்றுகூட இல்லை. சமையலறைக் கத்தியில் பெரிய துகள் ஒன்று கீறினால் யாருக்கும் தெரியாது. சவரக் கத்தியின் கூரிலோ அதை அடுத்த நிமிடமே கன்னம் சொல்லிவிடும்.

கத்தியும் கல்லும் சந்தித்தது

ஜப்பானுக்குச் சவரக் கத்தி பௌத்தத்தோடு வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் புத்த நெறி அங்கே வேரூன்றியபோது துறவிகளின் தலைமழிப்புக்கான கத்தியும் கூடவே வந்தது. கமிசோரி எனப்படும் ஜப்பானிய மழிப்புக் கத்தி மெல்லிரும்பில் கடும் எஃகை வைத்து அடித்துச் செய்வது. அதன் இரு பக்கங்களும் ஒன்றுபோல இருக்காது. கூர் மட்டும் எஃகு, உடல் இரும்பு என்பதால் தீட்டுவதும் எளிது.

கல்லின் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் ஹொன்மா குடும்பத்தின் பெயர். 1190-ஐ ஒட்டி, கமகுரா ஆட்சியின் தொடக்கத்தில், கியோட்டோவின் மேற்கு மலைகளில் ஹொன்மா தோசயெமொன் இந்தக் கல்லைக் கண்டெடுத்தார் என்றும், அந்த ஆட்சியின் தலைவரான மினமோதோ நோ யொரிதொமோ அவருக்குத் தீட்டுக்கல் தொழிலில் தலைமை உரிமை தந்தார் என்றும் மரபுக் கதை சொல்கிறது. அப்பகுதிக் கற்களுக்கு ஹொன்யாமா, அதாவது மெய்யான மலைக் கல், என்ற சிறப்புப் பெயர் நிலைத்தது.

வாள்களைத் துலக்குகிறவர்களும் இந்த மலைகளை நம்பியிருந்தார்கள். வாளின் எஃகில் மறைந்திருக்கும் வரிகளை வெளிக்கொண்டுவரும் உச்சிகுமோரி என்ற கல்லும் கியோட்டோப் பகுதியைச் சேர்ந்ததே. எடோ காலத்தில், 1603 முதல் 1868 வரை, ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்முடியைக் குடுமியாக முடிந்துகொண்டார்கள். மழித்த இடம் சில நாளில் முளைத்துவிடும், மீண்டும் கத்தி வேண்டும். தெருவுக்குத் தெரு முடிதிருத்துநர்கள் இருந்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் கல் வேண்டியிருந்தது. தச்சர், சமையற்காரர், தையற்காரர் தேவையும் சேர, மலையில் தொழில் தழைத்தது.

1871-இல் மெய்ஜி அரசு குடுமியை வெட்டவும் வாளைத் துறக்கவும் அனுமதித்தது. 1876-இல் பொது இடத்தில் வாள் ஏந்துவதையே தடைசெய்தது. வாளுக்கு வேலை குறைந்த அதே காலத்தில் மேற்கத்திய மடிப்புக் கத்தி ஜப்பானியச் சலூன்களுக்குள் நுழைந்தது. வெளிநாட்டில் பிறந்த அந்தக் கத்திக்கும் பழைய மலைக் கல் இசைந்து கொடுத்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் கல்லை அடுக்கு வாரியாகப் பிரித்து அறிந்திருந்தார்கள். தோமயே, அய்சா, ஹச்சிமய், சென்மய், நமிதோ, சுயிதா என்று ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பெயர் உண்டு. சுயிதாவில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், அது வேகமாக அறுக்கும். அடர்ந்த, சீரான தோமயே அடுக்கைச் சவரக் கத்திக்காரர்கள் விரும்பித் தேடுவார்கள். நிறத்துக்கும் பெயர் உண்டு: அசகி என்றால் வெளிர் நீலப்பச்சை, கீயிதா என்றால் மஞ்சள், கரசு என்றால் காக்கையின் கருமை படர்ந்தது. பாறையைக் கண்ணாலும் விரலாலும் வகைப்படுத்திய அந்த அறிவு, நுண்ணோக்கி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே கைகூடியிருந்தது. என்னை இந்தக் கல்லின்பால் ஈர்த்தது அதன் பளபளப்பைவிட இந்த அறிவுதான்.

ஒரே கல்லில் பல கற்கள்

மடிப்புக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் அதன் முதுகும் கூரும் ஒன்றாகக் கல்லைத் தொடும். ஆகவே கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை, கத்தியின் அகலமும் முதுகின் பருமனும் தீர்மானிக்கின்றன. தீட்டுகிறவர் வசம் எஞ்சுவது அழுத்தம், தண்ணீர், கல் ஆகிய மூன்றுதான். கல் சமதளமாக இருக்க வேண்டும், கை இலேசாக இருக்க வேண்டும். கூரை முன்னால் செலுத்தி, கல்லின் முனையில் முதுகின்மேல் புரட்டி, மீண்டும் இழுக்க வேண்டும்.

கடினமான கியோட்டோக் கல் தானாக எளிதில் குழம்பு விடாது. அதனால் நகுரா என்ற சிறு கல்லை அதன்மேல் தண்ணீரோடு தேய்த்து ஒரு குழம்பு எழுப்புவார்கள். அய்ச்சி மாவட்டத்தின் மிகாவா மலைகளில் கிடைக்கும் வெள்ளை நகுரா எரிமலைச் சாம்பல் இறுகிய கல். அதிலும் பொத்தான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று தரங்கள் இருக்கின்றன. பொத்தானின் குழம்பு வேகமாக அறுக்கும், கோமாவின் குழம்பு மென்மையாகச் சீர்செய்யும். ஒன்றைக் கழுவிவிட்டு அடுத்ததை எழுப்பினால் அடியில் இருக்கும் கல் மாறாமலே கத்தி படிப்படியாக நுண்மை அடைகிறது. இறுதியில் அதே கியோட்டோக் கல்லின் துண்டு ஒன்றைத் தேய்த்து, அடிக்கல்லின் சொந்தக் குழம்பையே எழுப்புவார்கள். தோமோநகுரா என்பது அதுதான். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அந்தக் குழம்பை நீர்க்கச் செய்து, வெறும் தண்ணீரில் முடித்து, தோல்வாரில் தேய்த்தால் கத்தி முகத்துக்குத் தயார்.

நல்ல கல்லை அறிய விரல், காது, கண் மூன்றும் வேண்டும். கத்தி நகரும்போது கல் எஃகை மெல்லப் பிடிப்பது விரலுக்குத் தெரியும். கரகரப்புக் கேட்டால் எங்கோ கீறும் வரி ஒன்று கல்லில் ஓடுகிறது என்று பொருள். இரும்பும் எஃகும் சேர்ந்த ஜப்பானியக் கத்தியில் இரும்பு மூடுபனிபோல மங்கி, எஃகு தெளிந்து நின்றால் கல் உயர்ந்தது. கற்களின் பக்கவாட்டில் அரக்குப் பூச்சு இருப்பதைப் பலரும் அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். அடுக்கடுக்கான பாறை என்பதால் பக்கத்தில் நீர் புகுந்து பிளந்துவிடாமல் காக்கும் கவசம் அது.

சுரங்கம் மூடிய பிறகு

1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடைக் கண்டெடுத்தார். ஒரே அளவுத் துகளைக் கொண்டு கற்களை வார்க்கும் வழி அதிலிருந்து திறந்தது. 1903-இல் ஜில்லெட்டின் மாற்றுப் பிளேடு ரேசர் விற்பனைக்கு வந்து, கத்தி தீட்டும் தேவையையே வீடுகளிலிருந்து அகற்றத் தொடங்கியது. போருக்குப் பின் ஜப்பானில் மலிவான செயற்கைத் தீட்டுக்கற்கள் பரவின. மலையில் குடைந்து, பெரும்பகுதியைக் கழித்து, மிஞ்சியதைக் கையால் அறுத்து விற்ற தொழில் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கியோட்டோச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.

இப்போது கைமாறுபவை பெரும்பாலும் பழைய கடைகளின் இருப்பும், ஓய்வுபெற்ற முடிதிருத்துநர்கள் பயன்படுத்தியவையும்தான். முத்திரை பார்த்து மட்டும் வாங்குவது ஆபத்து, ஏனெனில் மையில் குத்திய முத்திரையை எவரும் குத்தலாம். புதிதாகத் தொடங்குகிறவர் கொப்பா எனப்படும் ஒழுங்கற்ற வெட்டுத்துண்டுகளைத் தேடலாம். செவ்வக வடிவம் இல்லாததால் விலை குறைவு, கல் அதே கல். ஒரு சவரக் கத்தியின் அகலம் நகர இடம் இருந்தால் போதும்.

சேர்ப்பவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இரண்டு. முதலாவது, கல்லைத் தண்ணீரில் நனையுங்கள். சவரக் கத்திக்கு மட்டும் பயன்படும் கல் தேய்வது மிகக் குறைவு, ஒரு மனித ஆயுளில் அது தீர்ந்துபோகாது. பெட்டிக்குள் கிடக்கும் கல்லிடமிருந்து எந்த அடுக்கு எப்படி அறுக்கும் என்ற அறிவு யாருக்கும் கிடைக்காது. இரண்டாவது, எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு, யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்ததை எழுதி வையுங்கள், தெரியாததை ஊகித்துப் பெயர் சூட்டாதீர்கள். சுரங்க வாய்கள் அடைபட்டுவிட்ட நிலையில், கல்லை வைத்திருப்பவரின் குறிப்புதான் அதன் பிறப்புச் சான்று.

செயற்கைக் கல் நல்ல கூரைத் தரும், அதை மறுக்கத் தேவையில்லை. தீர்ந்தால் ஆலை இன்னொன்று செய்யும். கியோட்டோக் கல்லுக்கு அந்த வசதி இல்லை. உயிர்கள் அருகிய ஒரு கடல், அதில் 50 லட்சம் ஆண்டுகள் விழுந்த தூசி, அதைக் கண்டத்தில் ஏற்றிய நிலத்தட்டு, அதன் ஒவ்வோர் அடுக்கையும் பெயர் சொல்லி அறிந்த தொழிலாளிகள் என்று இத்தனையும் ஒரு முறைதான் சேர்ந்து வந்தன. கல்லை நம்மால் மீண்டும் செய்ய முடியாது. அதைப் பயன்படுத்தும் அறிவை அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்க முடியும், அது நம் பொறுப்பு.