செங்கணம் காட்டிய வழி

எழுத்து நின்றுபோன நண்பருக்கு என்ன சொல்லித் தேற்றுவது? இலக்கியத்தோடு பழகுகிற நம் அனைவருக்கும் ஒரு முறையேனும் இக்கேள்வி வந்திருக்கும். ‘மனம் தளராதே, உன்னால் முடியும்’ என்பதற்கு மேல் நம்மிடம் சொற்கள் இருப்பதில்லை. அச்சொற்களால் அவர் எழுதத் தொடங்கியதாகவும் நாம் கண்டதில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வாழ்ந்த சிலர் இக்கேள்விக்கு வேறு விதமாக விடை தந்திருக்கிறார்கள். அவ்விடையால் பயன்பெற்றவர் உ.வே.சாமிநாதையர்.

1855இல் பிறந்த உ.வே.சா.வை உத்தமதானபுரம், திருவாவடுதுறை, கும்பகோணம் ஆகிய ஊர்களோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். ஆனால் அவருடைய இளமையில் பெரும்பகுதி அரியலூர், குன்னம், செங்கணம் என்று அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர்களில் கழிந்தது. 1995இல் பெரம்பலூரும், பின்னர் 2007இல் நிலைபெற்ற அரியலூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்த நிலப்பகுதி அது. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தவர். ஆதரிப்பார் இருந்த ஊரில் தங்குவதும், ஆதரவு குறைந்தபோது அடுத்த ஊருக்குப் பெயர்வதுமாக அவர்கள் வாழ்க்கை நடந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் சிறுவனுக்குத் தமிழ் மீது தீராத ஆசை பிறந்தது. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் உண்டு. தமிழ் படித்தால் என்ன உண்டு என்று உலகம் கேட்ட காலம். அரியலூர்ச் சடகோபையங்கார் தமிழின் சுவையை முதலில் காட்டினார். பின்னர் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடமும் பாடம் கேட்டார். ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில நூல்களே இருந்தன. அவை முடிந்ததும் மேலே செல்ல வழியில்லை. அடுத்த ஆசிரியர் கிடைக்கும்வரை காத்திருந்த நாட்களின் ஏக்கத்தை, அச்சிட்ட பக்கத்திலும் சூடு ஆறாதபடி ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார்.

அந்த நிலையில் கிடைத்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். வேளாண்மைக் குடும்பத்தவர், ஆழ்ந்த தமிழறிவு உடையவர். அவரிடம் உ.வே.சா. யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்ற பொருளில் ஒரு பழமொழி தமிழில் வழங்குகிறது. எழுதப் புகுந்தவனை மிரட்டும் நூல் அது என்பதற்கு அப்பழமொழியே சான்று. ரெட்டியார் அந்த அச்சத்தைப் போக்கியது உபதேசத்தால் அன்று. அசை, சீர், தளை, அடி என்று முறையாகக் கற்பித்துப் போக்கினார். செய்யுள் எழுதுவது வரப்பிரசாதம் மட்டும் அன்று, படிப்படியாகக் கற்கத்தக்க தொழிலும் ஆகும் என்று தெரிந்தாலே பாதிச் சோர்வு நீங்கிவிடும்.

அவர் செய்த பேருதவி அதற்குப் பின் வருகிறது. மேலே கற்க வேண்டுமானால் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்ல வேண்டும் என்று வழிகாட்டினார். நல்ல மாணவனைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பாத ஆசிரியர் எத்தனை பேர்? தம் எல்லையைத் தாமே உணர்ந்து, அதற்கு அப்பாலிருந்த ஊரைச் சுட்டிக் காட்டினார் அவர். 1871இல் தந்தையும் மகனும் மாயூரம் சென்று பிள்ளையைக் கண்டனர். அதன் பின்னர் நடந்தவை தமிழுலகம் அறிந்தவை.

ஆயினும் இந்த வட்டாரத்தின் பங்கு அதோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் உடல் நலிவும் குடும்பக் கடனும் நெருக்க, உ.வே.சா. ஆசிரியரைப் பிரிய நேர்ந்தது. அப்போது அவரைத் தாங்கிய ஊர் காரை. கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலியோரின் ஆதரவில் அங்கே திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்தார். அவ்வூரில் இருந்தபோது ‘நீலி இரட்டைமணிமாலை’ என்னும் சிறுநூலையும் இயற்றினார். இரட்டைமணிமாலை என்பது வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி அந்தாதியாக வரும் 20 செய்யுட்கள். எடுத்தால் முடிக்கக்கூடிய அளவு அது. சோர்ந்த மனத்துக்குக் காவியம் வேண்டியதில்லை. அளவான ஒரு வேலையும், கேட்பதற்குச் சில செவிகளும், வேளைக்குச் சோறும் போதும். காரை அவற்றைத் தந்தது. பின்னர் அவர் தம் ஆசிரியரிடமே திரும்பினார்.

செங்கணத்துப் பாடத்தின் பயனை நாம் ‘சீவக சிந்தாமணி’ (1887), ‘பத்துப்பாட்டு’ (1889), ‘புறநானூறு’ (1894) ஆகிய பதிப்புகளில் காண்கிறோம். பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. செய்யுளும் உரையும் அடி பிரியாமல் தொடர்ந்து ஓடும். எங்கே சீர் குறைகிறது, எந்த எழுத்துப் பிழைபட்டது என்று காட்டித்தருவது யாப்பறிவுதான். அவ்வறிவுக்கு முறையான அடிப்படை இட்ட ஊர்களில் செங்கணத்துக்கு முதன்மையான இடம் உண்டு.

சடகோபையங்காரும் விருத்தாசல ரெட்டியாரும் தமிழிலக்கிய வரலாறுகளில் தனி அத்தியாயம் பெற்றவர்கள் அல்லர். ‘உன்னிடம் மேதைமை இருக்கிறது’ என்று புகழ்ந்து இளைஞரைத் தேற்றியதற்காகவும் அவர்களை நாம் நினைப்பதில்லை. ஒருவர் சுவை காட்டினார். ஒருவர் இலக்கணம் கற்பித்து, அடுத்த ஆசிரியரின் பெயரைச் சொன்னார். ஓர் ஊர் புராணம் கேட்க வந்து அமர்ந்தது. நம் நண்பர் எழுதாமல் இருக்கும்போது நாம் செய்யக்கூடியவையும் இவைதாம். அவருக்கு வேண்டிய நூலைத் தேடித் தரலாம். சிறிய ஒன்றை எழுதச் சொல்லி, அதைக் கேட்க நாமே உட்காரலாம். நமக்குத் தெரியாததை அறிந்தவரிடம் அவரை அனுப்பலாம்.

1940 ஜனவரியில், 85 வயது நிறையும் தறுவாயில், உ.வே.சா. தம் வரலாற்றை ‘ஆனந்த விகட’னில் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. ஆனால் செங்கணமும் காரையும் அதற்குள் எழுதப்பட்டுவிட்டன.