டர்போ: ரெண்டு சுத்து முறுக்கினா என்ன ஆகும்?

டர்போன்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது வேகம்தான். ஆனா இந்த சாமான் பிறந்தது வேகத்துக்காக இல்லைங்க. வீணாப் போற புகையை வேலை வாங்கறதுக்காக.

ஆல்ஃப்ரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்ஜினை விட்டு வெளியே போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா கூடுதலா டீசல் எரிக்கலாம், பவர் கூடும். அவ்வளவுதான் விஷயம். ஆனா உருப்படியா ஒரு கப்பலில் ஓட ஏறக்குறைய 20 வருஷம் ஆச்சு. 1920களின் நடுவில் ப்ராய்சன், டான்சிக் என்ற ரெண்டு ஜெர்மன் கப்பல்களின் டீசல் இன்ஜின் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்குப் போனது.

அதற்கு முன்னாடி 1918ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏத்தி, பைக்ஸ் பீக் என்ற 14,000 அடிக்கு மேற்பட்ட மலை உச்சிக்குக் கொண்டுபோனார். கீழே சுமார் 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், மேலே காத்து மெலிசானதால் 230க்கு இறங்கிப்போச்சு. டர்போவை மாட்டினதும் 356! கவனிங்க, இங்கே டர்போ எதையும் புதுசா அள்ளிக் கொடுக்கலை. மலை பிடுங்கிக்கிட்டதைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவே.

அள்ளிக் கொடுக்கிற வேலை கார்களுக்கு வந்தப்பதான் வம்பும் வந்தது. 1962ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார். 3.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 215 குதிரைத்திறன். ஏற்கனவே கம்ப்ரஷன் அதிகமான இன்ஜின், அதுக்கு மேல டர்போ. பெட்ரோல் தானா வெடிச்சு பிஸ்டனைத் தட்டும் 'நாக்கிங்' வராமல் இருக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில ஊத்தணும். தொட்டி காலியானா பூஸ்ட்டைக் குறைக்க ஒரு வால்வும் வெச்சிருந்தாங்க. வாங்கினவங்க பலபேர் அந்தத் திரவத்தை ஊத்தவே இல்லை. கடைசியில கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. வண்டி ரெண்டே வருஷத்துல நின்னுபோச்சு.

பாடம் கத்துக்கிட்டது ஸ்வீடன்காரங்க. சாப் 99 டர்போவில் (1978) பூஸ்ட்டை அளவோடு வெச்சு, 'வேஸ்ட்கேட்' என்ற வால்வை ஒழுங்கா வேலை வாங்கினாங்க. பூஸ்ட் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் புகையில ஒரு பகுதியை டர்பைனைச் சுத்தாமலே வெளியே விட்டுடும். 1980களில் நாக்கிங் சத்தத்தை உணர்ந்து தானே பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாட்டையும் கொண்டுவந்தாங்க.

அதே சமயத்துல ஃபார்முலா ஒன்காரங்க எதிர்த்திசையில போனாங்க. 1986ல் பிஎம்டபிள்யூவின் வெறும் 1.5 லிட்டர் இன்ஜினை 5 பாருக்கு மேல பூஸ்ட் ஏத்தி ஓட்டினாங்க. 1,300 குதிரைத்திறனுக்கு மேல இருக்கும்னு மதிப்பிட்டாங்க. ஆயுள்? தகுதிச் சுற்றுல சில ரவுண்டு. அப்புறம் அந்த இன்ஜின் குப்பைக்கு. 1987ல் 4 பார், 1988ல் 2.5 பார்னு கடிவாளம் போட்டு, 1989ல் டர்போவையே தடை பண்ணிட்டாங்க.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மதுரையில் 1911ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஆரம்பிச்ச டிவிஎஸ்ஸின் வழியில் வந்த டர்போ எனர்ஜி நிறுவனம், 1982ல் சென்னையில் தொடங்கியது. டர்போ செய்றதே நம்ம மாநிலத்துத் தொழில்தான். 2007ல் ஸ்விஃப்ட் டீசல் வந்ததும் நடுத்தரக் குடும்பத்துக்கும் டர்போ வந்துசேர்ந்தது. 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் அதே ஸ்விஃப்டை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மதுரை டு கொடைக்கானல் டிரிப் அடிக்கிறான். கடன்ல வாங்கின வண்டி, வீட்டுச் சோறே அதுலதான். "அண்ணே, ஆக்சுவேட்டர் ராடுல நட்டை ரெண்டு சுத்து முறுக்கினா பூஸ்ட் ஏறுமாம். அதே இன்ஜின் எஸ்எக்ஸ்4ல 90 குதிரைத்திறன் தருதுல்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா 2011ல் வந்த எஸ்எக்ஸ்4 டீசலில் இருக்கிற டர்போவே வேற ரகம். உள்ளே இருக்கிற இறக்கைகள் கோணம் மாறும். நட்டை முறுக்கி வந்த 15 இல்லை அது.

சரி, முறுக்கினா என்னதான் ஆகும்? கணக்கைப் பாருங்க. 0.8 பாரில் இருந்த பூஸ்ட்டை 1.2 ஆக்கிட்டோம்னு வெச்சுக்குவோம். மதுரை மே மாசம், வெளியே 40 டிகிரி. அமுக்கினா காத்து சூடாகும். டர்போவை விட்டு வெளியே வரும்போது முன்னே சுமார் 120 டிகிரி, இப்போ 155 பக்கம். காத்து சூடாக சூடாக அடர்த்தி குறையும், அதனால ஏத்தின பூஸ்ட்டில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. டீசல் அளவைக் கூட்டாம காத்தை மட்டும் கூட்டினா பெரிய லாபமும் இல்லை. டீசலையும் கூட்டினா புகைச் சூடு ஏறி டர்பைன், பிஸ்டன் தலை எல்லாம் வேகும். இழுவை கூடினா கிளட்ச் வழுக்கும்.

மலை ஏறினா இன்னும் மோசம். கொடைக்கானலில் காத்தழுத்தம் சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்கு கம்மி. ஆனா ஸ்பிரிங் வெச்ச சாதாரண வேஸ்ட்கேட்டுக்கு அது தெரியாது. வெளிக்காத்துக்கு மேல அதே 1.2 பாரைக் கேட்கும். மதுரையில் 2.2 மடங்கு அமுக்கின டர்போ, மேலே 2.5 மடங்கு அமுக்கணும். ஏற்கனவே நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து சுத்துற சாமான் இன்னும் வேகமா சுத்தும். அந்தத் தண்டைத் தாங்குறது முடியை விட மெலிசான ஆயில் படலம். ஆயில் கருகினா பேரிங் போச்சு. சக்கரம் உடைஞ்சா துண்டு இன்ஜினுக்குள்ளேயே போகும். சீல் போய் ஆயில் உள்ளே இறங்கினா, டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு, சாவியை அணைச்சாலும் நிக்காம ஓடும். அதுவும் கொண்டை ஊசி வளைவுல!

நம்ம பொட்டி தட்டுற ஆளுங்க பிராசசரை ஓவர்கிளாக் பண்ணுவோம். சூடு ஏறினா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், மிஞ்சிப்போனா ரீஸ்டார்ட். நட்டை முறுக்கின டர்போவுக்கு ரீஸ்டார்ட் கிடையாது.

தம்பிகிட்ட சொன்னது இதுதான்: இன்டர்கூலரைச் சுத்தம் பண்ணு, ஹோஸ்ல காத்து கசியுதா பாரு, ஏர் ஃபில்டரை மாத்து, நல்ல ஆயில் போடு, மலை ஏறி முடிச்சதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணை. போன இழுவையில் பாதி இதுலயே திரும்பி வரும்.

பூக்கியில இருந்து சாப் வரைக்கும் பூஸ்ட்டை வெச்சுப் பிழைச்சவங்க எல்லாரும் கூடவே வேற எதையாவது மாத்தினாங்க: வால்வு, குளிரூட்டி, சென்சார், எரிபொருள். நட்டை மட்டும் தொட்டு ஜெயிச்சவங்களை நான் படிச்ச சரித்திரத்துல பாக்கலை. அதனால யாராவது "எவ்வளவு ஏத்தலாம்?"னு கேட்டா, "கூடவே எதை எல்லாம் மாத்தப்போறே?"ன்னு திருப்பிக் கேளுங்க மக்களே.