ரயில் போன தடமும் தோட்டத்துக் கிறவல் ரோட்டும்

பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறங்களில் ‘வுவா வெர்த்’ என்று ஒரு வகைப் பாதை இருக்கிறது. பச்சை வழி என்று தமிழில் சொல்லலாம். காரும் லொறியும் வர முடியாது. சைக்கிள், நடை, சில இடங்களில் குதிரை, அவ்வளவுதான். யூடியூப்பில் பார்த்தால் பொறாமையாத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவே கிறவல் பாதை, ஹோர்ன் சத்தமே இல்லை. இதில் எங்களுக்கு வேண்டிய விஷயம் அந்தப் பாதைகளில் பல எங்கிருந்து வந்தன என்பது. நிறையப் பாதைகள் பழைய ரயில் தடங்கள். 1879இல் ஃபிரேசினே என்ற அமைச்சர் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ரயில் போக வேண்டும் என்று பெரிய திட்டம் போட்டார். பஸ்ஸும் லொறியும் வந்த பிறகு அந்தக் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு மிஞ்சிய மண்மேட்டைச் சும்மா விடாமல் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையில் 1997இல் திறந்த பாதை இதில் முன்னோடி.

சரி, இதை ஏன் ஒரு மலையகத்துப் பிள்ளை எழுதுகிறது என்று கேட்பீர்கள். எங்கள் சப்ரகமுவவிலும் ஒரு ரயில் இருந்தது. அதுவும் போய்விட்டது. தடம் என்ன ஆனது என்பதுதான் கதை.

களனிவெளி ரயில் பாதை. இன்றைக்குக் கொழும்பிலிருந்து அவிசாவளையோடு நின்றுவிடும் இந்தப் பாதை ஒரு காலத்தில் இரண்டு கையாகப் பிரிந்து போனது. 1902இல் அவிசாவளை வரை வந்தது. அடுத்த ஆண்டு தெஹியோவிட்ட, கரவனெல்லை வழியாக யட்டியாந்தோட்டை. மற்றக் கை எஹலியகொட, குருவிட்ட தாண்டி 1912இல் இரத்தினபுரி, பிறகு கஹவத்தைப் பக்கமாக 1919இல் ஓப்பநாயக்க. மற்ற இலங்கை ரயில்களைப் போல அகலப் பாதை இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான், 762 மில்லிமீட்டர். ஒடுக்கமான பாதை என்றால் கூர்மையாக வளையலாம், மலையை அதிகம் வெட்ட வேண்டியதில்லை, செலவு குறைவு.

யாருக்காகப் போட்டார்கள்? ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் போன இறப்பர் விதைகளின் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார் ரயருக்கு இறப்பர் தேவைப்பட, களனிவெளியும் களுகங்கைக் கரையும் இறப்பர் காடாக மாறின. அதுவரை இரத்தினபுரிச் சாமான்கள் களுகங்கையில் படகேறிக் களுத்துறைக்கு இறங்கின, இல்லாவிட்டால் மாட்டுவண்டி. இறப்பரும் தேயிலையும் பெருகியதும் படகு போதவில்லை. பிரான்சில் ஓட்டுப் போடுகிற ஊருக்கு ரயில் போனது. இங்கே இறப்பர் போகிற வழிக்கு ரயில் வந்தது. இரண்டுக்கும் ஒரே காலம், ஆனால் ஒரே நியாயம் இல்லை.

ரயில் வரைக்கும் இறப்பரையும் தேயிலையும் கொண்டுபோனது கிறவல் ரோட்டு. இந்த ரோட்டைத்தான் நாங்கள் யாருமே வரலாறாகப் பார்ப்பதில்லை. லயத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து பெரிய ரோட்டுக்கும், ஒரு டிவிஷனிலிருந்து அடுத்ததுக்கும் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற அந்த ரோட்டு. ஏன் இவ்வளவு வளைவு என்று சின்ன வயதில் எரிச்சல் வரும், நேரே போனால் பத்து நிமிஷம்தானே என்று. பாரம் ஏற்றிய மாடு செங்குத்தில் ஏறாது. அதனால் சரிவைக் குறைத்து, தூரத்தைக் கூட்டி வெட்டினார்கள். மாட்டுக்காக வெட்டிய அந்தச் சரிவுதான் இன்றைக்கு சைக்கிள்காரருக்குப் பொருந்துகிறது. ரோட்டு வெட்டியது, ஓரத்தில் கான் வெட்டியது, கல் உடைத்துப் பரப்பியது எல்லாம் மம்பட்டியும் அலவாங்கும் பிடித்த எங்கள் கொள்ளுத் தாத்தாமார், பாட்டிமார். மழை பெய்து கான் அடைபட்டால் மறுபடி அவர்களே. ரோட்டைக் ‘கட்டியவர்’ என்று துரையின் பெயர் மட்டும் பதிவில் நிற்கும்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. வெட்டியவர்களுக்கு அந்த ரோட்டில் நடக்க உரிமை இருந்ததா? வேலைக்குப் போக இருந்தது. மற்றதுக்கு இல்லை. தோட்டம் தனியார் நிலம், ரோட்டும் அதற்குள் அடக்கம். அதற்கான சட்டச் சொல் அத்துமீறல்.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேகாலை மாவட்டத்திலேயே பார்த்தோம். உந்துகொடைக்குப் பக்கத்தில் நேவ்ஸ்மியர் தோட்டம். 1946இல் அரசு அந்தத் தோட்டத்தைக் கிராமத்தாருக்குக் காணி பிரித்துக் கொடுக்க எடுத்தது. அங்கே இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. போகவில்லை. பிறந்த லயத்தில் இருந்ததற்காக அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். களனிவெளித் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வழக்குகளில் ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்று சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு (இவர் தந்தை செல்வா இல்லை, நேவ்ஸ்மியரில் இருந்த இன்னொரு செல்வநாயகம்). 1950இல் தீர்ப்பு. ஒருவர் தன் வீட்டை விடாமல் வைத்திருக்கத்தான் அங்கே இருக்கிறார், உரிமையாளருக்குத் தொல்லை கொடுப்பது அவருடைய நோக்கம் இல்லை என்றால் அது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்றார்கள். பெரிய தீர்ப்பு. ஆனால் அதற்குள் 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. வீட்டில் இருப்பது குற்றமில்லை, நாட்டில் இருப்பதற்குத்தான் கடதாசி இல்லை என்ற நிலை.

ரயிலுக்கு வருவோம். யட்டியாந்தோட்டைக் கிளை முதலில் போனது, 1942இல், யுத்த காலத்தில். கித்துல்கலையில் ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காகக் கட்டி வெடிவைத்து உடைத்த பாலத்தின் இடத்தைப் பார்க்க இன்றும் வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். கொஞ்சம் கீழே யட்டியாந்தோட்டை வரை நிஜ ரயில் வந்தது என்று சொன்னால் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

இரத்தினபுரிப் பக்கம் 1976 வரை தாக்குப்பிடித்தது. பிறகு அவிசாவளைக்கு அப்பால் ரயிலே இல்லை. 1990களில் பாதையை அகலப்படுத்தியபோதும் அவிசாவளையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த எழுபதுகளை நினைத்துப் பாருங்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள், தோட்டங்கள் அரசு கைக்கு மாறின, பஞ்சம் வந்தது. 1964 ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் கழன்றதும் லயங்கள் காலியானதும் ஒரே தலைமுறை பார்த்த காட்சிகள். ஆனால் எங்கள் வீடுகளில் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுவும் சரிதான்.

அவிசாவளையிலிருந்து ஓப்பநாயக்க வரை எழுபது, எண்பது கிலோமீட்டர் தடம். பிரான்ஸ்காரர் கையில் கிடைத்திருந்தால் சைக்கிள் பாதையாகியிருக்கும் என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. தடத்தின் சில துண்டுகள் வாகன ரோட்டாகிவிட்டன, சில இடங்களில் காடு, பல இடங்களில் வீடுகள். ரயில்வே காணியில் குந்தியிருப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். மறுபடி அதே அத்துமீறல்தான், சொல் மட்டும் கொஞ்சம் மரியாதையாக. நேவ்ஸ்மியரில் எங்களுக்கு நடந்ததைப் படித்த பிறகு, சைக்கிளுக்காக இன்னொருத்தருடைய வீட்டை எடுங்கள் என்று எழுதக் கை வராது. அந்த வீடுகளில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள் இருந்தாலும் அதேதான்.

அதனால் எங்களுக்கான ‘பச்சை வழி’ என்றால் அது தோட்டத்துக் கிறவல் ரோட்டுத்தான் என்று நினைக்கிறேன். வெட்ட வேண்டியதில்லை, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, வாகனமும் அதிகம் இல்லை. மலை உச்சியில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற ‘பெக்கோ ட்ரெயில்’ நடைபாதை, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள், பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம்தான் அதன் கவனம். தெரணியகலைக்கோ கலவானைக்கோ இறக்குவானைக்கோ அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக சைக்கிளோடு நிற்பேன்.

ஆனால் ஒரு நெருடல். பிரான்சில் வாகனம் வராதது ஏற்பாடு. பக்கத்திலேயே வாகனம் போகிற நல்ல ரோட்டு இருக்கிறது. எங்கள் டிவிஷன்களில் வாகனம் வராதது ரோட்டு உடைந்ததால். பிரசவ வலி வந்த அக்காவைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்த கதை இல்லாத தோட்டத்தை நான் கேட்டதில்லை. த்ரீவீல்காரர் மழை நாளில் வரமாட்டேன் என்பார். வந்தால் இரண்டு மடங்கு காசு. இந்த ரோட்டை யார் திருத்துவது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கம்பனி, பிரதேச சபையைக் கேளுங்கள் என்றது. பிரதேச சபை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்றது. ஓட்டுக் கேட்டு வருகிற அதே சபைதான்! அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆனது. சட்டம் வழி விட்டாலும் பணம் வருவது வேறு கதை.

ஆகவே யாராவது சைக்கிள் சுற்றுலா என்று திட்டம் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது பாதைப் படத்தை இல்லை. அந்த ரோட்டில் அம்புலன்ஸ் போகுமா, கானை யார் வெட்டுவது, அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது, லயத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அதே ரோட்டில் சைக்கிள் ஓடினால் வாட்சர் விரட்டுவாரா? இதுக்கெல்லாம் பதில் எழுத்தில் இருக்கட்டும். அதுவரைக்கும், உங்கள் தோட்டத்து ரோட்டுகளின் பெயர்களையும் வளைவுகளுக்கு வைத்திருக்கிற பட்டப் பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவிசாவளைக்கு அங்கால் ரயிலேறிய பாட்டி, தாத்தா யாராவது இருந்தால் அதை முதலில் கேளுங்கள். 1976இல் பத்து வயதாக இருந்தவருக்கே இன்றைக்கு அறுபது.